திரையில் இல்லாத குழந்தை

"அக்கா, ஒரு சந்தேகம். பிறந்த குழந்தை ஒண்ணுக்கு ஒரே காலையில ஹீமோகுளோபின் எட்டும் வருது, இருபத்திரண்டும் வருதுன்னா நீங்க நம்புவீங்களா?" என்று போனில் கேட்டார் லேப்காரர்.

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் டேட்டாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நோயாளிகளின் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஒழுங்காக வைத்திருப்பது அவள் வேலை. கேட்ட லேப்காரருக்கே அவளைவிட வயது கூடுதல். ஆனாலும் அவருக்கும் அவள் அக்காதான்.

"ரத்தம் எடுத்த குழாய் மாறியிருக்கும்" என்றாள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ரெண்டு குழாயிலயும் ஒரே லேபிள், ஒரே நம்பர். எட்டுன்னா உடம்புல ரத்தமே போதாத குழந்தை. இருபத்திரண்டுன்னா ரத்தம் கூழாட்டம் கெட்டியா இருக்கற குழந்தை. ரெண்டும் ஒரே உடம்பா இருக்க வழியே இல்ல. எட்டு வந்ததும் வார்டுக்கு அனுப்பிட்டேன். இருபத்திரண்டு பின்னால வந்துச்சு, அதை நிறுத்தி வெச்சிருக்கேன். வார்டுக்குப் போன் போட்டா எங்கேஜ்டாவே இருக்கு."

அவள் நம்பரை வாங்கித் தட்டினாள். திரையில் தாயின் பெயர், அதன் பக்கத்தில் 'குழந்தை' என்று இருந்தது. ஒரே ஒரு குழந்தை. அதற்குக் கீழே பொடி எழுத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு வரி: இணைக்கப்பட்ட பழைய பதிவு ஒன்று. அதைத் திறந்தாள். உள்ளே அதே தாயின் பெயர், அதே பிறந்த தேதி, அதே போன் நம்பர். பெயருக்குப் பின்னால் மட்டும் ஒரு எண். 'குழந்தை 2'.

இரட்டைக் குழந்தைகள்.

இணைத்தது யாரோ இல்லை, அவள் எழுதிய விதி. காய்ச்சலுக்கு வந்த ஆள் அடுத்த வருஷம் கால் முறிந்து வரும்போது கவுன்ட்டரில் புதிதாக ஒரு பதிவு போட்டுவிடுவார்கள். பெயரில் ஒரு எழுத்து மாறும், முகவரியில் ஒரு தெரு மாறும். இப்படி ஒரே ஆள் மூன்று பேராகவும் நான்கு பேராகவும் வருஷக்கணக்கில் பெருகிப் போயிருந்தார். புது மென்பொருளுக்கு மாறுவதற்கு முன் இந்த இரட்டைப் பதிவுகளையெல்லாம் ஒன்றாக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பிரிவுத் தலைவர் இதில் மும்முரமாக இருந்தார். அவர் அனுப்பும் எல்லாக் கடிதத்துக்கும் தலைப்பு 'அவசரம்' என்றே இருக்கும் என்பதால் அவருக்கு அவசரம் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும்.

டேட்டாக்கா விதியைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினாள். பெயரில் முக்கால்வாசி ஒத்துப் போனால், பிறந்த தேதி ஒன்றானால், போன் நம்பர் ஒன்றானால், ஆள் ஒன்று. கவுன்ட்டர்காரர்கள் பெயருக்குப் பின்னால் டோக்கன் எண்ணையும் படுக்கை எண்ணையும் ஒட்டிவிடுகிற பழக்கம் இருந்ததால், பெயரில் இருக்கும் எண்களை முதலிலேயே துடைத்துவிடு என்றும் ஒரு வரி சேர்த்தாள். ஏதாவது ஒரு வார்டில் வைத்து முதலில் பார்க்கலாமா என்று கேட்டாள். "முடிச்சுட்டுப் பார்க்கலாம்மா" என்றார் அவசரம் சார். நேற்று மாலை ஓட்டினார்கள். இன்று காலை பல்லாயிரம் பதிவுகள் குறைந்திருந்தன. மேஜைமேல் கேக் பெட்டி திறந்து கிடந்தது.

மறுபடி வார்டுக்குப் போன் போட்டாள். எங்கேஜ்டு. அந்தக் குழந்தையின் பக்கத்தை இன்னும் கீழே தள்ளிப் பார்த்தாள். சற்றுமுன் டாக்டர் போட்ட உத்தரவு அங்கே இருந்தது. ஹீமோகுளோபின் எட்டு. ரத்தம் ஏற்றவும். ரத்த வங்கியிலிருந்து பை அனுப்பப்பட்டுவிட்டது.

அவள் கேள்வி எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. எழுந்து ஓடினாள். லிஃப்ட் எங்கோ மேலே நின்றுகொண்டிருந்தது. படியில் ஏறினாள். செருப்பு ஒன்று நடுவழியில் கழன்றது. அதை அப்படியே விட்டுவிட்டாள்.

குறைமாதக் குழந்தைகளின் வார்டு வாசலில் தலைமை நர்ஸ் கையை நீட்டி மறித்தார். நல்ல உயரம், குரலை உயர்த்தவே தேவையில்லாத ஆள்.

"எங்க இப்படி ஓடி வரீங்க? இது சந்தையா?"

"சிஸ்டர், ரத்தம் ஏத்தப் போறீங்களா? இரட்டைக் குழந்தைல ஒண்ணுக்கு?"

"நீங்க யாரு?"

"டேட்டா பிரிவு. தயவுசெஞ்சு நிறுத்துங்க. அது எந்தக் குழந்தைக்குன்னு யாருக்கும் தெரியாது."

தலைமை நர்ஸ் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "கையைக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றார். அவரே முன்னால் வேகமாக நடந்துபோனார்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வரிசையாக இன்குபேட்டர்கள். ஜன்னலோரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. மஞ்சள் காமாலைக்காக இரண்டின் மேலும் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே கண்கட்டு போட்ட இரண்டு பெண் குழந்தைகள். ஒவ்வொன்றும் ஒரு கை நீளம்தான் இருக்கும். அந்த வெளிச்சத்தில் தோல், துணி, குழாய் எல்லாமே ஒரே நீலம். முதல் இன்குபேட்டர் பக்கத்தில் ரத்தப் பை தொங்கியது. இளம் நர்ஸ் ஒருத்தி குழந்தையின் காலில் கட்டியிருந்த பட்டையின் மேல் ஸ்கேனரைக் காட்டினாள். ஸ்கேனர் பச்சையாக ஒளிர்ந்து 'பீப்' என்றது. சரியான குழந்தை என்று அர்த்தம்.

"நிறுத்து" என்றார் தலைமை நர்ஸ்.

டியூட்டி டாக்டர் திரும்பினார். தூக்கம் போதாத கண்கள் கொண்ட பெண். "என்ன சிஸ்டர்? ரத்தம் வெளிய எடுத்து வெச்சாச்சு. ரொம்ப நேரம் வெச்சிருக்க முடியாது."

"இவங்க ஏதோ சொல்றாங்க."

எல்லோர் பார்வையும் டேட்டாக்காமேல் விழுந்தது. வரும் வழியில் கோத்து வைத்திருந்த வாக்கியமெல்லாம் எங்கோ போய்விட்டது. "டாக்டர், அந்தப் பக்கத்துக் குழந்தையோட பட்டையையும் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. அது போதும்" என்றாள்.

டாக்டர் எரிச்சலோடு தலையசைத்தார். இளம் நர்ஸ் இரண்டாவது இன்குபேட்டரின் சின்னக் கதவைத் திறந்து அந்தக் குழந்தையின் காலில் ஸ்கேனரைக் காட்டினாள்.

பச்சை. பீப்.

இளம் நர்ஸ் ஸ்கேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்படி?" என்றார் டாக்டர்.

"நேத்து சாயங்காலம் நாங்க இரட்டைப் பதிவுகளை ஒண்ணாக்கினோம். இவங்க ரெண்டு பேரையும் சிஸ்டம் ஒரே ஆளுன்னு எடுத்துக்கிச்சு. இன்னிக்கு விடியக்காலைல எடுத்த ரெண்டு ரத்தத்துக்கும் ஒரே லேபிள்தான் அச்சாகியிருக்கு. ஒண்ணு எட்டு. இன்னொண்ணு இருபத்திரண்டு. இருபத்திரண்டு உங்க கண்ணுக்கே வரல."

டாக்டரின் முகத்திலிருந்த எரிச்சல் மறைந்தது. வயிற்றில் இருக்கும்போதே ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போய்விடுவது இரட்டைப் பிள்ளைகளில் நடப்பதுண்டு என்பது அவருக்குத் தெரியும். ஒருத்தி வெளுத்துப் போவாள், ஒருத்திக்கு ரத்தம் தடித்துப் போகும். தடித்த ரத்தத்தில் இன்னும் ரத்தத்தை ஏற்றினால் மூளைக்குப் போகிற மெல்லிய ரத்தக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

"எட்டு யாரோடது?"

"தெரியாது டாக்டர். கம்ப்யூட்டருக்கும் தெரியாது."

"ரத்த வகையாவது..." என்று ஆரம்பித்து டாக்டர் தானே நிறுத்திக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒரே வகை. அந்த வழியும் அடைத்திருந்தது.

"காலையிலேயே நாங்க புகார் போட்டோமே" என்றார் தலைமை நர்ஸ். குரல் உயரவில்லை, ஆனால் சுட்டது. "இரண்டாவது குழந்தையைத் திரையில காணோம்னு போட்டோம். 'உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் வந்துச்சு. சரி, சிஸ்டம் மெதுவா இருக்குன்னு நினைச்சுக் காகிதத்துல எழுதி ஒட்டி வெச்சோம்."

அந்தப் புகார் வந்திருக்க வேண்டிய இடம் டேட்டாக்காவின் மேஜைதான். வாழ்த்துக் கடிதங்களுக்கு அடியில் கிடந்திருக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் இரண்டு நீல விளக்கையும் அணைக்கச் சொன்னார். சாதாரண வெளிச்சத்தில் குனிந்து ஒவ்வொரு குழந்தையின் உள்ளங்காலையும் அழுத்தி விட்டுப் பார்த்தார். "இவதான் வெளுப்பாத் தெரியறா" என்று இரண்டாவதைக் காட்டினார். "ஆனா கண்ணை மட்டும் நம்பி நான் ரத்தம் ஏத்த மாட்டேன். ரெண்டு பேருக்கும் குதிகால்ல ஒரு சொட்டு எடுங்க. ஒருத்தருக்கு எடுத்து, அவங்க இன்குபேட்டர் மேலேயே எண்ணை எழுதி முடிச்சப்புறம் அடுத்தவங்க."

முதல் குழந்தையின் குதிகாலில் குத்தியதும் ரத்தம் கருஞ்சிவப்பாகத் திரண்டது. பிழியத் தேவையே இருக்கவில்லை. ஆனால் இரண்டாவது குழந்தையின் காலில் சொட்டு வரவில்லை. இளம் நர்ஸ் வெந்நீர்த் துணியைச் சுற்றிப் பார்த்தாள், காலை மெல்ல நீவிப் பார்த்தாள். அந்தக் குழந்தையின் மானிட்டரில் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. எச்சரிக்கை மணி ஒலிக்கத் தொடங்கியது. யாரோ அதை அணைத்தார்கள். மறுபடி ஒலித்தது.

டேட்டாக்காவின் போன் அதிர்ந்தது. அவசரம் சார். அவள் சுவரோரமாக ஒதுங்கினாள்.

"எங்கம்மா போனே? லேப்காரர் இங்க வந்து என்னென்னமோ சொல்றார். அந்த ஒரு பதிவை மட்டும் சத்தமில்லாம பிரிச்சு விட்டுடு. குழாய்ல நேரம் பதிவாகியிருக்குல்ல? முதல்ல எடுத்தது முதல் குழந்தை, அடுத்து எடுத்தது அடுத்த குழந்தை. வேலை முடிஞ்சுது."

"முதல்ல எடுத்தது எட்டு சார்."

"அப்ப எட்டு முதல் குழந்தையோடது. டாக்டர் உத்தரவும் அதுக்குத்தானே? எல்லாம் சரியாத்தானே இருக்கு."

அவளுக்கு ஒரு கணம் அது இனித்தது என்பது உண்மை. எல்லாம் சரியாகவே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். வரிசையும் பொருந்துகிறது, நேரமும் பொருந்துகிறது. நேற்று அவள் எழுதிய விதியும் இப்படித்தான் எல்லா இடத்திலும் பொருந்தியது.

"ரத்தம் எடுத்தவரைக் கேக்காம நான் எதையும் பிரிக்க மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

விடியற்காலையில் ரத்தம் எடுத்தவர் இரவுப் பணியாளர். பணி முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார். லேப்காரரிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். மூன்றாவது முறை ஒரு பெண் எடுத்தார்.

"அவர் தூங்கறாருங்க. எழுப்பினா கடிச்சுக் குதறிடுவாரு."

"கடிக்கட்டும் அம்மா. ஒரு குழந்தை விஷயம். எழுப்பிக் கொடுங்க."

சற்று நேரம் கழித்து கரகரத்த குரல் வந்தது. அவள் தன்னை யாரென்று சொல்லி, "இன்னிக்கு அந்த இரட்டைக் குழந்தைங்களுக்கு ரத்தம் எடுத்தீங்களே, எது முதல்ல?" என்று கேட்டாள்.

"எப்பவும் முதல் குழந்தைக்குத்தான் முதல்ல எடுப்பேன்" என்றார் அவர்.

அப்படியானால் அவசரம் சார் சொன்னதுதான் சரி. போனை வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனாலும் கேட்டாள்: "எப்பவும் வேண்டாம் அண்ணே. இன்னிக்கு. கண்ணை மூடி யோசிச்சுப் பாருங்க. உள்ள போனீங்க. அப்புறம் என்ன நடந்துச்சு?"

மறுமுனையில் கட்டில் கிரீச்சிடும் ஓசை கேட்டது. எழுந்து உட்கார்ந்திருப்பார்.

"உள்ள போனேன். ஜன்னல் பக்கத்துக்குப் போனேன். இருங்க. அந்த முதல் குழந்தைக்கு அப்பதான் குழாய்ல பால் போய்க்கிட்டு இருந்துச்சு. நர்ஸ் பொண்ணு, 'பால் முடியட்டும், அதுவரைக்கும் சின்னவளை முடிச்சுடுங்க'ன்னா. ஆமா. சின்னவளுக்குத்தான் முதல்ல எடுத்தேன். அவளுக்கு ரத்தமே வரல, பிழிஞ்சு பிழிஞ்சு எடுத்தேன். பாவமா இருந்துச்சு."

"நிச்சயமாவா?"

"பாவமா இருந்துச்சுன்னு சொல்றேனே, அது மறக்குமா? ஏங்க, என்ன ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன் அண்ணே. ரொம்ப நன்றி."

அவள் திரும்பி வருவதற்குள் இரண்டாவது குழந்தையின் காலிலிருந்தும் ஒரு சொட்டு கிடைத்திருந்தது. வார்டு மூலையிலிருந்த சின்ன மெஷினில் அதைப் போட்டுவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். முதல் இன்குபேட்டரின் மேல் ஒட்டிய பிளாஸ்திரியில் ஏற்கெனவே பேனாவால் எழுதியிருந்தது: இருபத்திரண்டு. மெஷின் முனகியது. எண் வந்தது. எட்டுக்கும் கொஞ்சம் கீழே.

"ரத்தம் எடுத்தவரும் அதைத்தான் சொல்றார். சின்னவளுக்குத்தான் முதல்ல எடுத்தாராம்" என்றாள் டேட்டாக்கா.

டாக்டர் முதல் குழந்தையின் பக்கத்தில் தொங்கிய பையைப் பார்த்தார்.

"பையைத் திருப்பி அனுப்புங்க. சின்னவ பேருக்கு மாத்தி வாங்குங்க. உடனே."

இங்கேதான் அடுத்த சிக்கல் முளைத்தது. ரத்த வங்கியிலிருந்த பெண்மணி போனில் அழுத்தம் திருத்தமாகச் சொல்லிவிட்டார். "கம்ப்யூட்டர்ல இல்லாத குழந்தைக்கு நான் எப்படிப் பை கொடுக்கறது? நாளைக்கு ஏதாவதுன்னா என் கழுத்துதானே? அந்த நம்பரைத் தட்டினா முதல் குழந்தைதான் வருது." அவர்மேலும் தப்பில்லை. ஆள் மாறிப் போகக் கூடாது என்பதற்காகவே வைத்திருந்த பூட்டு அது.

டேட்டாக்கா வார்டு கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள். பதிவைப் பிரிக்க ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினாள். 'மேலதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று வந்தது. ஒரு ஆள் தனியாக எதையும் மாற்றிவிடக் கூடாது என்று இரண்டு பேர் ஒப்புதல் வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். மணி மறுபடி ஒலித்தது. இரண்டாவது குழந்தையின் மூச்சு இப்போது விட்டுவிட்டு வந்தது.

அவசரம் சாரைக் கூப்பிட்டாள்.

"சார், பிரிக்கறதுக்கு ஒப்புதல் கொடுங்க. எட்டு இரண்டாவது குழந்தையோடது. நீங்க சொன்ன மாதிரி பிரிச்சிருந்தா தப்பா ஏத்தியிருப்பாங்க."

"ஒண்ணைப் பிரிச்சா எல்லாத்தையும் பிரிக்கணும்னு மேல கேள்வி வரும். நாளைக்குப் புது மென்பொருள்..." என்று இழுத்தார்.

"வரட்டும் சார். இப்ப அந்தக் குழந்தை நம்ம கணக்குல உயிரோடவே இல்ல. அதனால அவளுக்கு ரத்தம் தர மாட்டேங்கறாங்க. நான் அவ பக்கத்துல இருந்துக்கிட்டுத்தான் பேசறேன். மூச்சு விடறது எனக்குத் தெரியுது. நீங்களும் வந்து பாருங்க."

"போனை வை" என்றார். கோபமா வேறெதுவா என்று அவளுக்குப் புரியவில்லை. திரையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமை நர்ஸ் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். திரை ஒரு தரம் வெளுத்துத் திரும்பி வந்தது. ஒரே பெயர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு வரிகள். குழந்தை 1. குழந்தை 2.

"வந்துட்டா" என்றார் தலைமை நர்ஸ். சட்டென்று திரும்பி ரத்த வங்கிக்குப் போன் போட்டார்.

புதுப் பை வந்தது. இளம் நர்ஸ் இரண்டாவது குழந்தையின் பட்டையை ஸ்கேன் செய்தாள், பச்சை. தலைமை நர்ஸ் முதல் குழந்தையின் பட்டையிலும் அதே பைக்காக ஸ்கேன் செய்யச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்து கறாராக ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அந்த அறையில் இருந்தவர்கள் நிம்மதியடைந்தது போல் யாரும் எதற்கும் அடைந்திருக்க மாட்டார்கள்.

ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே டை கட்டிய ஆள் ஒருவர் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். அவசரம் சார். கையில் அவள் படியில் விட்ட செருப்பு இருந்தது. உள்ளே வரவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரத்து இன்குபேட்டர்களைப் பார்த்தபடி இருந்தார்.

துடிப்பு இறங்கத் தொடங்கிய பிறகு நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்தார். பாதிப்பு எதுவும் நடக்காததால் குடும்பத்தைக் கலவரப்படுத்த வேண்டாம் என்றார். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் போய்ச் சொல்லப் போறேன். வேணும்னா நீங்களும் வாங்க" என்றார். நிர்வாகத்து ஆள் வரவில்லை. டேட்டாக்கா போனாள்.

தாய் கீழ்த்தளத்தில் அறுவைக் காயத்தோடு சாய்ந்து படுத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அக்கா பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் அப்பா வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தார். டாக்டர் எதையும் மழுப்பாமல் நடந்ததை வரிசையாகச் சொன்னார். டேட்டாக்கா கடைசியில், "அந்த விதியை எழுதினது நான்தான். மன்னிச்சுடுங்க" என்றாள்.

அக்காக்காரி கத்தியைத் தட்டில் வைத்தாள். "ரெண்டு உசுரு. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணத் தெரியாதா உங்களுக்கு? இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, இவ்வளவு பெரிய மெஷின். எங்க வீட்டுக் கோழியைக் கூட நான் தினம் எண்ணித்தான் அடைக்கிறேன்."

தாய் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப காலையிலேருந்து சின்னவ எங்கயுமே இல்லையா?"

"கம்ப்யூட்டர்ல இல்ல. இன்குபேட்டர்ல இருந்தா" என்றார் டாக்டர்.

"பெரியவ கை மடக்கியே இருக்கும். சின்னவ எப்பவும் விரிச்சு வெச்சிருப்பா. யார் வந்து பார்த்தாலும் தெரியும்." அவள் டேட்டாக்காவைப் பார்த்தாள். "நீங்க இன்னிக்குத்தான் முதல் தடவையா வந்து பார்த்தீங்களா?"

"ஆமாம்மா."

தாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்காக்காரிதான் கொஞ்ச நேரம் கழித்து, "என்னை மேல கூட்டிட்டுப் போங்க. நான் என் கண்ணால எண்ணிப் பார்க்கணும்" என்றாள். கூட்டிக்கொண்டு போனார்கள். கைகழுவும் இடத்தில் தலைமை நர்ஸ் அவளைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவ வைத்தார்.

புது மென்பொருள் தள்ளிப்போனது. இணைத்த பதிவுகள் அத்தனையும் பழையபடி பிரிக்கப்பட்டன. அவசரம் சார் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், வார்டில் வைத்துப் பார்க்கலாமா என்று அவள் கேட்டதையும் தான் மறுத்ததையும் மறைக்காமல் எழுதியிருந்தார். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை அவர் அவளிடம் நீட்டியபோது, "தலைப்பு 'அவசரம்'னு இல்ல பாரு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த மனிதர்மேல் இருந்த கோபம் பாதி கரைந்தது.

ஒரே தேதியில் பிறந்து ஒரே வீட்டில் இருப்பவர்களை எல்லாம் தேடி எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டாள். சில இடத்தில் ஒரே ஆள்தான், எழுத்துப் பிழை. சில இடத்தில் நிஜமாகவே இரண்டு பேர். "எங்க ரெண்டு பேரையும் சேர்த்து வெக்கப் பார்த்தீங்களா? சொத்துத் தகராறுல பேச்சுவார்த்தையே இல்லாம இருக்கோம்" என்றார் இரட்டையரில் ஒருவரான ஒரு பெரியவர். விதி எழுதுகிறவர்கள் முதலில் அந்த வேலை நடக்கும் இடத்தில் போய் நின்று பார்க்க வேண்டும் என்று அவள் மேலிடத்தில் கேட்டாள். இழுபறிக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். விடியற்காலையில் இரவுப் பணியாளரோடு அவள் இன்குபேட்டர் இன்குபேட்டராக நடந்தாள். எந்த இடத்தில் லேபிள் ஒட்டுகிறார்கள், எப்போது கை போதாமல் சட்டைப்பையில் குழாயைப் போட்டுக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் பார்த்தாள். அவளுடைய கம்ப்யூட்டரில் இவை எதுவும் இருந்ததில்லை.

முதல் குழந்தைக்கும் பிறகு ரத்தத்தை மெல்லிதாக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். சின்னவளுக்கு இன்னொரு முறை மூச்சு தடுமாறியது. அன்று டேட்டாக்கா இரண்டு தரம் வார்டுக்கு ஏறி இறங்கினாள். இரண்டு குழந்தைகளும் தேறின.

வீட்டுக்குப் போகும் நாளன்று குடும்பமே கவுன்ட்டருக்கு வந்தது. அப்பாக்காரர் ஒரு பையைத் தோளில் மாட்டி, இன்னொன்றைக் காலிடுக்கில் வைத்திருந்தார். பிள்ளைகளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பதிவில் ஏற்ற வேண்டும். கவுன்ட்டர்ப் பெண் டேட்டாக்காவை அழைத்தாள். அவளே உட்கார்ந்து தட்டினாள். ஒரு பெயர் நீளம், ஒரு பெயர் குட்டை. ஒரு எழுத்துகூட ஒத்துப்போகவில்லை.

"நான்தான் அப்படித் தேடிப் பிடிக்கச் சொன்னேன்" என்றாள் அக்காக்காரி. கவுன்ட்டருக்கு மேலாகக் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தாள். "ரெண்டு வரி இருக்கா?"

"இருக்கு."

"பிரிண்ட் எடுத்துக் கொடுங்க."

தாய் இரண்டு பிள்ளைகளையும் ஒரே துணியில் அணைத்துக்கொண்டு நின்றாள். சின்னவளின் விரிந்த கை துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டேட்டாக்கா பார்ப்பதைக் கவனித்துத் தாய் ஒரு அடி முன்னால் வந்து, பிள்ளைகள் நன்றாகத் தெரியும்படி துணியை விலக்கிக் காட்டினாள்.